ஒரு கிலோ சோளமும் ஆறு கிலோ புல்லும்

கேள்வி:

மதிப்பிற்குரிய வைத்தியர் ஐயா அவர்களுக்கு,

ஹெந்தளையில் முத்துராஜவெல சதுப்பு நிலத்தை ஒட்டி ஐந்து கறவை எருமைகளை வைத்திருக்கிறேன். எல்லாம் முர்ரா கலப்பு. நாளொன்றுக்கு 24, 25 லீற்றர் பால் கிடைக்கிறது. அதைத் தயிராக்கிச் சட்டிகளில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறோம். முன்னர் மேய்ந்த காணிகள் ஒவ்வொன்றாக நிரப்பப்பட்டு வீடுகளாகிவிட்டதால் புல்லுக்குப் பெரும் கஷ்டம். இந்த நிலையில், மண்ணில்லாமல் தட்டுகளில் சோளத்தை முளைக்கவைத்து ஏழு நாளில் புல் எடுக்கும் ஹைட்ரோபோனிக் இயந்திரம் ஒன்றை ஆறரை இலட்சம் ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஒரு கிலோ சோளத்தில் எட்டுக் கிலோ புல் வருமாம். எருமை ஒன்றுக்கு 25 கிலோ போட்டால் வைக்கோலும் வேண்டாம், புண்ணாக்கும் வேண்டாம், பாலில் கொழுப்பும் கூடுமாம். மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கலாமா என்று யோசிக்கிறேன். என் தகப்பனார், "எருமைக்கு எதற்கு இந்தச் சோடனை?" என்கிறார். மாத முடிவுக்குள் முற்பணம் கேட்கிறார்கள். தங்கள் ஆலோசனை தேவை.

வாசகர், ஹெந்தளை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நகை பெட்டியிலேயே இருக்கட்டும். முளைப்பயிர்த் தீவனத்தை நான் முற்றாக ஒதுக்குகிறவன் அல்லன். உங்கள் ஐந்து எருமைகளுக்கும் அதனால் ஓரளவு நன்மை கிடைக்கக்கூடும். ஆனால் அந்த நன்மைக்கு ஆறரை இலட்சம் ரூபாய் இயந்திரம் தேவையில்லை என்பதும், விற்பனையாளர் சொல்லும் அளவிலும் முறையிலும் கொடுத்தால் பாலும் தயிரும் கெடும் என்பதும் என் கருத்து. அந்தக் கருத்துக்கு நான் எப்படி வந்தேன் என்பதை நீங்களே கூட்டிக் கழித்துப் பார்க்கும் வகையில் எழுதுகிறேன்.

முதலில் அந்த எட்டுக் கிலோவை எடுத்துக்கொள்வோம். சோளம் நன்றாக முளைக்கும் தரத்தில் இருந்து, பராமரிப்பும் சரியாக இருந்தால், ஒரு கிலோவுக்கு ஐந்து முதல் ஆறு கிலோ வரை முளைப்பயிர் கிடைப்பது இயல்பு. ஏழு, எட்டு என்பதும் நடக்காத காரியமல்ல. ஆனால் அந்தப் பாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். மண் இல்லை, எரு இல்லை, ஏழு நாளும் போனது தண்ணீர் மட்டுமே. ஆகவே கூடிய பாரமும் தண்ணீரே. தீவனத்திலுள்ள நீரெல்லாம் போன பின் எஞ்சுவதை நாங்கள் உலர்பொருள் என்கிறோம். மாட்டின் வயிற்றை நிரப்புவதும், பாலாக மாறுவதும், உடலைத் தாங்குவதும் அதுதான். களஞ்சியத்தில் காய்ந்து கிடக்கும் ஒரு கிலோ சோளத்தில் ஏறக்குறைய 880 கிராம் உலர்பொருள் உண்டு. அதிலிருந்து வரும் ஆறு கிலோ முளைப்பயிரில் உலர்பொருள் 13 வீதம் என்று வைத்தால் 780 கிராம்தான் வருகிறது. நூறு கிராம் எங்கே போயிற்று? விதை முளைக்கும்போது சுவாசிக்கிறது. தன்னுள் சேர்த்து வைத்த மாப்பொருளை எரித்துத்தான் அது முளையையும் வேரையும் தள்ளுகிறது. அந்த ஏழு நாளில் இலை வெளிச்சத்தைக் கொண்டு தயாரிக்கும் உணவு, எரிந்துபோனதை ஈடுசெய்யப் போதாது. ஒரு கிலோவுக்கு ஆறுக்குப் பதிலாக எட்டுக் கிலோ கிடைத்தாலும் சந்தோஷப்பட அதிகமில்லை. அநேகமாக அந்தப் புல் இன்னும் கூடுதலாகத் தண்ணீர் குடித்திருக்கும், அவ்வளவே.

விலையையும் இதே தராசில் வைத்துப் பாருங்கள். கணக்குக்காகச் சோளம் கிலோ 150 ரூபாய் என்று கொள்வோம்; நீங்கள் பழைய சோனகத் தெருவில் வாங்கும் விலை எதுவோ அதைப் போட்டுக்கொள்ளலாம். சோளத்தை உடைத்து அப்படியே கொடுத்தால் ஒரு கிலோ உலர்பொருளுக்குச் செலவு 170 ரூபாய். அதையே முளைக்கவைத்துக் கொடுத்தால் 192 ரூபாய். தண்ணீர், மின்சாரம், தட்டுக் கழுவும் கூலி, இயந்திரத்தின் தேய்மானம் எல்லாம் அதற்கு மேல். சோளத்தை முளைக்கவைப்பதால் தீவனம் மலிவாகிறது என்று யாராவது சொன்னால், அவர் ஈரப் பாரத்தையும் காய்ந்த பாரத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறார் என்று பொருள்.

விற்பனையாளர் உங்களிடம் ஆய்வறிக்கை ஒன்றையும் காட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். சோளத்தில் ஒன்பது, பத்து வீதமாக இருந்த புரதம் முளைப்பயிரில் 13 வீதத்துக்கு உயர்ந்திருப்பதாக அதில் இருக்கும். அந்த எண்ணில் பொய்யில்லை. கித்துள் பதநீரைக் காய்ச்சிப் பாணியாக்கும்போது இனிப்பின் வீதம் ஏறுகிறது. அதற்காகச் சட்டிக்குள் சீனி புதிதாகப் பிறந்துவிட்டதாக எவரும் சொல்வதில்லை. இங்கும் மாப்பொருள் குறைந்ததால் புரதத்தின் பங்கு உயர்ந்து காட்டுகிறது. வெறும் தண்ணீர் தெளித்து வளர்த்த பயிருக்குள், புரதம் உண்டாக வேண்டிய நைதரசன் புதிதாக வர வழியில்லை. ஆகவே புண்ணாக்கை நிறுத்திவிடலாம் என்ற பேச்சுக்கு அந்த அறிக்கை சான்றாகாது.

இனி நாளொன்றுக்கு 25 கிலோ என்ற யோசனை. உங்கள் எருமைகள் தலா 450 கிலோ எடை இருக்கும் என்று ஊகிக்கிறேன். கறவையிலுள்ள எருமைக்கு உடல் எடையில் இரண்டரை முதல் மூன்று வீதம் வரை உலர்பொருள் வேண்டும். அதாவது நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிலோ அளவில். 25 கிலோ முளைப்பயிரில் இருப்பது மூன்றேகால் கிலோ. வைக்கோலையும் புண்ணாக்கையும் நிறுத்திவிட்டு இதை மட்டும் போட்டால் உங்கள் எருமை தனக்கு வேண்டியதில் கால் பங்கு அளவுதான் தின்றிருக்கும். இந்தக் கால் பங்குக்கே தலைக்கு நான்கு கிலோவுக்கு மேல் சோளமும், ஐந்துக்குமாக நாளொன்றுக்கு 21 கிலோ சோளமும் தேவை. முதல் வாரம் பால் குறையாமல் இருக்கலாம். அது எருமை தன் உடம்பைக் கரைத்துக் கொடுக்கும் பால். இரண்டாம் மாதத்தில் விலா எலும்பு தெரியும், சினை பிடிக்காது.

கொழுப்புப் பற்றிய வாக்குறுதிதான் என்னை அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் உங்கள் தொழில் நிற்பது அதன் மேல். எருமைப் பாலில் கொழுப்பு ஏழு, எட்டு வீதம் வரை இருப்பதாலும், மற்றத் திண்மங்களும் பசுப்பாலைவிடக் கூடுதலாக இருப்பதாலும்தான் உங்கள் சட்டியைக் கவிழ்த்தாலும் தயிர் விழாமல் நிற்கிறது. அந்தக் கொழுப்புக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? எருமை வைக்கோலையும் முற்றிய புல்லையும் தின்று, படுத்து அசைபோட்டு, முதலிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு நாரைப் புளிக்கவைக்கிறது. அப்போது உண்டாகும் அசற்றிக்கமிலம் மடிக்குச் சென்று பாலின் கொழுப்பில் பெரும் பங்காகிறது. கரடுமுரடான நாரைச் செரிப்பதில் எருமை பசுவை விஞ்சியது என்பது ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட விடயம். உங்கள் தகப்பனார் அதை ஆய்வில்லாமலேயே அறிந்திருக்கிறார். ஏழு நாள் வயதுள்ள முளைப்பயிரில் நார் இளசு. மென்று அசைபோட அதில் வேலையில்லை. மாப்பொருளும் சீனியும் அதில் கணிசமாக எஞ்சியிருக்கின்றன. வைக்கோலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை நிரப்பினால் சாணம் இளகும், அசைபோடும் நேரம் குறையும், இரைப்பையில் புளிப்பு ஏறும், கொழுப்பு இறங்கும். உங்கள் கடைக்காரர்கள் அதை உங்களுக்கு முன்னரே கண்டுபிடித்துவிடுவார்கள். தயிரின் மேல் தண்ணீர் நிற்கிறது என்று சட்டி திரும்பி வரும்.

அப்படியானால் கொழுப்புக் கூடிய பண்ணைகள் என்று விற்பனையாளர் காட்டக்கூடியவை பொய்யா என்று கேட்பீர்கள். பொய் என்று நான் சொல்லமாட்டேன். கன்று ஈன்று மாதங்கள் செல்லச் செல்லப் பால் குறைவதும் கொழுப்பின் வீதம் ஏறுவதும் இயல்பு. அந்த மாதங்களில் எதைக் கொடுத்தாலும், அல்லது எதையும் மாற்றாமல் விட்டாலும்கூட, வீதம் ஏறித்தான் தீரும்.

இவ்வளவு சொன்ன பின்னும் முளைப்பயிரை ஏன் ஒதுக்கவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. காய்ந்த வைக்கோலும் தவிடும் மட்டும் தின்று கிடக்கும் மாட்டுக்கு விற்றமின் ஏ உண்டாக வேண்டிய கரோட்டீன் கிடைப்பதில்லை. கண், தோல், கருப்பை, கன்றின் நலம் என எல்லாவற்றையும் அது பாதிக்கும். எருமை கரோட்டீனை முழுக்க விற்றமினாக மாற்றிவிடுவதால் அதன் பால் வெள்ளையாகவே இருக்கிறது. பசுப்பாலின் மஞ்சளைப் பார்த்துப் பச்சைத் தீவனக் குறையைக் கண்டுபிடிக்கும் வழி எருமைக்காரருக்கு இல்லை. முளைப்பயிரில் கரோட்டீனும் விற்றமின் ஈயும் நன்றாகவே உள்ளன. தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் பொசுபரசும் முளைக்கும்போது ஓரளவு விடுபடுகிறது. மாடு அதை ஆவலோடு தின்கிறது. நறுக்கிய வைக்கோலோடு பிய்த்துப் பிசறிப் போட்டால் மாடு மீதம் வைக்கும் வைக்கோலும் உள்ளே போகிறது. என் கண்ணில் அதன் மிகப் பெரிய பயன் இந்தக் கடைசி விடயம்தான். இன்னொன்று வெள்ளம். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவை, கடுவலைப் பக்கம் பல நாள் புல் அறுக்கவே முடியாதிருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சதுப்பு நிலத்தோரம் மாடு வைத்திருப்பவருக்கு, உயரத்தில் அடுக்கிய சில தட்டுகள் அத்தகைய பத்து நாட்களுக்குக் கைகொடுக்கும்.

கொழும்பில் இந்தப் பயிரின் உண்மையான எதிரி பூஞ்சணம். முளைப்பயிருக்கு உகந்தது இருபதிலிருந்து இருபத்தைந்து பாகை வெப்பமும், மிதமான ஈரப்பதனும், நல்ல காற்றோட்டமும். நம்முடைய ஊரிலோ பகலில் முப்பதைத் தாண்டுகிறது. காற்றின் ஈரப்பதன் எண்பது வீதத்தை அண்டியே நிற்கிறது. மே மாதத்திலும், ஒக்டோபர், நவம்பரிலும் சுவரே வியர்க்கிறது. ஊறிய தானியத்தை நெருக்கிப் பரப்பி, நாலைந்து முறை நனைத்து, மூடிய அறையில் வைத்தால் அது பூஞ்சணத்துக்குப் போட்ட பந்தி. சில ஆண்டுகளுக்கு முன்னர் களனி கங்கைக்கு அப்பாலுள்ள சிறு பண்ணையொன்றிலிருந்து, மாடுகள் நடுங்குகின்றன என்று இரவில் என்னை அழைத்தார்கள். போய்ப் பார்த்தபோது இரண்டு மாடுகளின் தசைகள் துடித்துக்கொண்டிருந்தன, வாயில் நுரை, பின்னங்கால்கள் மடங்கி, எழ முயன்று எழ முயன்று விழுந்தன. ஒன்று மறுநாள் இறந்தது. தட்டுகளின் அடியில் சாம்பலும் நீலப்பச்சையுமாகப் பூஞ்சணம் பாய்போலப் படர்ந்திருந்தது. மேலே பயிர் பச்சைப்பசேல் என்று இருந்ததால் எவரும் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. முளைத்த தானியத்தில் விரும்பி வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் கிளவேட்டஸ் என்ற பூஞ்சணம் நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும் என்பது அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா முதலிய நாடுகளில் மாடுகள் இறந்து பதிவான செய்தி. அதற்கு மாற்று மருந்தென்று ஒன்று இல்லை. ஆகையால் ஒரு மூலையில் பூஞ்சணம் கண்டாலும் அந்த மூலையை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் போடும் சிக்கனம் வேண்டாம். தட்டு முழுவதும் எருக்குழிக்குப் போகட்டும்.

பூஞ்சண நஞ்சில் மற்றொரு வகை உங்கள் வாடிக்கையாளரின் வீடுவரை போகும். சரியாக உலராத சோளத்தில் வளரும் வேறு பூஞ்சணங்கள் அஃபிளாடொக்ஸின் என்ற நஞ்சை விடுகின்றன. மாடு அதைத் தின்றால் அதில் ஒரு பங்கு உருமாறிப் பாலில் இறங்குகிறது. பாலில் அதற்கு அனுமதிக்கும் அளவைச் சர்வதேச உணவு நியமங்கள் ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமாகவும், ஐரோப்பிய ஒன்றியம் 0.05 மைக்ரோகிராமாகவும் வைத்திருப்பதிலிருந்து அதன் கடுமையை ஊகிக்கலாம். பாலைக் கொதிக்கவைப்பதாலோ உறையூற்றுவதாலோ அது போய்விடாது. நம் நாட்டுச் சோளம் பெரும்பாலும் அனுராதபுரம், மொனராகலை, பதுளை, அம்பாறை மாவட்டங்களில் பெரும்போகத்தில் விளைவது. அறுவடை நேரத்தில் மழை பிடித்த ஆண்டுகளில் சாக்கைத் திறக்கும்போதே பூஞ்சண வாடை அடிக்கும். அப்படிப்பட்ட சோளத்தை மலிவு என்று எடுத்து முளைக்கவைக்க வேண்டாம். உடைத்தும் கொடுக்க வேண்டாம்.

விதையைப் பற்றி இன்னும் ஒரு எச்சரிக்கை. விதைக்கடையில் விதைப்பதற்கென விற்கும் சோளம் இளஞ்சிவப்பாகவோ வேறு நிறத்திலோ பூசப்பட்டிருக்கும். அந்தப் பூச்சு பூஞ்சணக் கொல்லி நஞ்சு. எவ்வளவு கழுவினாலும் அதைத் தீவனமாக்கக்கூடாது. பூச்சில்லாத முழுத் தானியமாகப் பார்த்து வாங்கி, நூறு மணியை ஈரத் துணியில் சுற்றி மூன்று நாள் வைத்து எண்ணுங்கள். எண்பதுக்குக் குறைவாக முளைத்தால் அந்தச் சாக்கு வேண்டாம். முளைக்காத மணிதான் முதலில் அழுகும்.

செய்து பார்க்க விரும்பினால் செய்முறை இதுதான். சோளத்தைக் கழுவி, மிதக்கும் பொக்கு மணிகளை நீக்கிவிட்டு, வீட்டில் சலவைக்குப் பயன்படுத்தும் ஐந்து வீத வெளுக்கும் திரவத்தை லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் வீதம் கலந்த நீரில் அரை மணி நேரம் வைத்து, பின்னர் நல்ல நீரில் இரண்டு, மூன்று முறை அலசுங்கள். நறுமணம் சேர்த்த திரவம் வேண்டாம். அதன்பின் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரச் சணல் சாக்கில் ஒரு நாள் கட்டிவைத்தால் முளை எட்டிப் பார்க்கும். அடியில் துளையிட்ட, இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள தட்டொன்றில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை, மழைக்காலத்தில் ஒன்றரைக்கு மேற்படாமல், பரப்புங்கள். தட்டைச் சற்றுச் சாய்வாக வைக்க வேண்டும்; கொழும்பில் பயிர் கெடுவது தண்ணீர் போதாமல் அல்ல, நின்ற தண்ணீரால். பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கைத்தெளிப்பானால் லேசாகத் தெளித்தால் போதும்; இரவில் விட்டுவிடலாம். நேர் வெயில் தேவையில்லை. நிழல்வலையின் கீழ் காற்று குறுக்கே ஓடும் இடமே சிறந்தது. ஏழாம் அல்லது எட்டாம் நாள், பயிர் ஒரு சாண் உயரம் வந்ததும் வேரோடும் மணியோடும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அதற்குமேல் வைத்திருந்தால் உலர்பொருள் இழப்புத்தான் கூடும். காலியான தட்டை உடனே தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள்.

ஐந்து எருமைகளுக்கும் தலா ஆறு கிலோ என்றால் நாளொன்றுக்கு 30 கிலோ. ஐந்து கிலோ சோளம் போதும். நான்கு அடுக்கில் தட்டுகளை வைத்தால் ஒற்றைக் கட்டில் போடும் இடத்துக்குள் இந்த ஏற்பாடு முழுவதும் அடங்கிவிடும். இரும்புக் கோணத்தில் ஓர் அடுக்கு, தட்டுகள், நிழல்வலை, கைத்தெளிப்பான் ஆகியவற்றுக்கு ஆகும் செலவையும் ஆறரை இலட்சத்தையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம். சோளம் இருக்கும் இடத்துக்கு எலி வரும் என்பதையும் மறக்க வேண்டாம். எலியின் சிறுநீர் பட்ட ஈரத் தட்டைக் கையால் அளைவது எலிக்காய்ச்சலுக்கு வாசல் திறப்பது. அது உங்களையும் பிடிக்கும், எருமையையும் பிடிக்கும். அடுக்கின் கால்களுக்குத் தகரத் தடுப்பும், தட்டுகளைச் சுற்றிச் சிறுகண் வலையும் அவசியம்.

உங்கள் உண்மையான பிரச்சினை புல். அதற்குரிய விடையை நான் தட்டில் தேடமாட்டேன், நிலத்தில்தான் தேடுவேன். நாற்பது பேர்ச் அளவு மேட்டுக் காணி, குத்தகைக்கேனும் கிடைக்குமானால், கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு நம் நாட்டில் நன்கு பரவிவிட்ட சீ ஓ 3 புல்லை நட்டுவிடுங்கள். எருமைத் தொழுவத்தின் சாணமும் கழுவுநீரும் அதற்குப் போதுமான பசளை. நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை சுழற்சியாக வெட்டினால் சராசரியாக நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது கிலோ கிடைக்கும். மீதியை நீங்கள் இப்போது வெட்டும் கினிப்புல் நிரப்பட்டும். வேலியெங்கும் கிளிரிசீடியா, அதாவது சீமைக்கிளுவை, ஊன்றுங்கள். தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் அறிவித்த மரம் அது. அதன் இலையின் உலர்பொருளில் புரதம் இருபது வீதத்துக்கு மேல். பச்சையாகப் போட்டால் எருமை முகர்ந்துவிட்டுப் போய்விடும். ஓர் இரவு வாடவிட்டுப் புல்லோடு கலந்தால் மெல்லப் பழகிக்கொள்ளும். பேலியகொடைச் சந்தையில் ஒதுக்கும் கோவா இலை, கரட் இலை போன்றவற்றைச் சிலர் கொண்டுவருகிறார்கள். நானும் தடுப்பதில்லை, ஆனால் மருந்தடித்த வாடை இருந்தால் தொடவேண்டாம், ஒரே வகை இலையை மலைபோலக் குவிக்கவும் வேண்டாம்.

வைக்கோலுக்கு யூரியா ஊட்டும் முறை நம் நாட்டில் எண்பதுகளிலேயே விரிவாகச் சோதிக்கப்பட்டது. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை நூறு லீற்றர் நீரில் முழுதாகக் கரைத்துத் தெளித்து, தடித்த பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி, இரண்டு, மூன்று வாரம் வைத்து, கொடுக்குமுன் சில மணி நேரம் விரித்துக் காற்றாடவிட்டால் எருமை அதைக் கூடுதலாகத் தின்னும், கூடுதலாகச் செரிக்கும். யூரியாவைக் குடிநீரில் கரைப்பதும், ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இந்த வைக்கோலைப் போடுவதும் உயிராபத்து. முதல் தடவை உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தின் மேற்பார்வையில் செய்வது நல்லது.

ஆகவே, ஐந்து லீற்றர் அளவில் கறக்கும் உங்கள் எருமை ஒன்றுக்கு நான் எழுதும் நாள் உணவு இப்படி இருக்கும்: புல்லும் கிளிரிசீடியாவுமாக இருபத்திரண்டு கிலோ, வைக்கோல் நான்கரைக் கிலோ, தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடுமாக மூன்று கிலோ, கனிமக் கலவை 50 கிராம், முளைப்பயிர் ஆறு கிலோ. எல்லாம் சேர்ந்து உலர்பொருள் பன்னிரண்டு கிலோ வருகிறது. அதில் முளைப்பயிரின் பங்கு ஒரு கிலோவுக்கும் குறைவு. ஈரப் பாரத்தில் அந்த ஆறு கிலோ எட்டுவரை ஏறலாம், பத்தைத் தாண்டக்கூடாது. முதல் நாள் ஒரு கிலோவில் தொடங்கிப் பத்து நாளில் ஆறுக்கு வாருங்கள். பாயாகப் பின்னிக் கிடக்கும் வேரைக் கையால் பிய்த்துப் போட வேண்டும். முழுப் பாயாக எறிந்தால் வலிய எருமை இழுத்துக்கொண்டு போய்விடும், மெலிந்தது பார்த்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் "முன்னர் மேய்ந்த காணிகள் நிரப்பப்பட்டுவிட்டன" என்ற வரியில் அதுவும் இருக்கிறது. காணி போனபோது புல்லோடு சேற்றுக் குட்டையும் போயிருக்கும். கருந்தோலும் மிகக் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் கொண்ட எருமை, நீரில் கிடந்துதான் உடற்சூட்டைத் தணிக்க முடியும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் கட்டி நிற்கும் எருமைக்கு முன்னால் எந்தத் தீவனத்தைக் குவித்தாலும் அது தலையைத் திருப்பிக்கொள்ளும். நண்பகலிலும் கறவைக்கு முன்னரும் குழாயால் நன்றாக நனைத்து, கூரைமேல் கிடுகு பரப்பி, எந்நேரமும் தொட்டியில் நீர் இருக்கும்படி செய்தால், அதனால் கூடும் பால் தட்டுப் புல்லால் கூடும் பாலைவிட அதிகமாக இருக்கும் என்று துணிந்து எழுதுவேன்.

முளைப்பயிரைச் சோதிக்கும்போது ஐந்துக்கும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். ஏறக்குறைய ஒரே காலத்தில் ஈன்ற நான்கைத் தெரிந்து, இரண்டுக்கு மட்டும் மூன்று வாரம் கொடுங்கள். அடுத்த மூன்று வாரம் அவற்றுக்கு நிறுத்தி, மற்ற இரண்டுக்கும் கொடுங்கள். காலை, மாலைப் பாலை ஒவ்வோர் எருமைக்கும் தனித்தனியே எழுதி, வாரம் ஒரு தடவை பால் சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பைச் சோதிப்பியுங்கள். இரண்டு சோடிகளும் தின்ற காலத்தில் கூடி, நிறுத்திய காலத்தில் இறங்கினால் மட்டுமே அதைத் தீவனத்தின் பலன் என்று கொள்ள வேண்டும். அப்படிக் கூடிய பாலின் விலை சோளத்தின் விலையைவிடக் குறைவாக இருந்தால் தட்டுகளைக் கழுவி அடுத்த வெள்ளத்துக்கென்று எடுத்து வைத்துவிடலாம்.

முற்பணம் கேட்பவரிடம் மறுப்புச் சொல்லச் சங்கடமாக இருந்தால் வாதாட வேண்டாம். அவருடைய இயந்திரத்திலிருந்து சரியாக ஒரு கிலோ முளைப்பயிரை, வேரின் ஈரத்தை உதறிவிட்டு, நிறுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தகரத் தட்டில் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்கும்வரை இரண்டு, மூன்று நாள் கடும் வெயிலில் காயவிட்டு, இரவில் மூடிவைத்து, பின்னர் தங்கக் கடைத் தராசு போன்ற துல்லியமான தராசொன்றில் நிறுங்கள். 130, 140 கிராமுக்கு மேல் வந்தால் எனக்கு எழுதுங்கள். நான் நேரில் வந்து அந்த இயந்திரத்தைப் பார்க்கிறேன்.